காணிக்கையில் வாழும் வீட்டுக்கு மாதச் சம்பளம்

கேள்வி: ஐயா, என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு 39 வயது. கிளிநொச்சி நகரில் எட்டு வருடமாக மிஷனரியாக இருக்கிறேன். விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் இருந்து வந்து, நகரில் அறை எடுத்துத் தங்கி, ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் மத்தியில்தான் என் ஊழியம். சம்பளம் தருகிற நிறுவனம் எதுவும் இல்லை. ஒன்பது ஆதரவாளர்கள் தாங்குகிறார்கள். போன வருடம் மொத்தம் 10 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வந்தது. மார்கழியில் 162,000, மாசியில் 38,000. ரொறன்ரோவில் உள்ள ஒரு குடும்பம் மாதம் சராசரி 30,000 அனுப்பியது. அவர்களுக்கு வேலை போய்விட்டதால் சித்திரையோடு நின்றுவிட்டது. மனைவி முன்பள்ளி ஆசிரியை, 10,000 கிடைக்கும். பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டு வாடகை 15,000, சாப்பாடு 32,000, பிள்ளைகளின் படிப்பு 9,000, கரண்ட், தண்ணீர், ரெலிபோன் 5,000, மோட்டார் சைக்கிள் லீசிங் 14,500. லீசிங் இன்னும் 22 மாதம் இருக்கிறது. ஊழியத்துக்குப் பெற்றோல் 9,000, மண்டப வாடகை 6,000, தேநீர் 2,000, கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு 5,000. மண்டபத்துக்குக் கதிரையும் ஸ்பீக்கரும் வாங்க, மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்ட என்று மனைவியின் நகையை 180,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். இன்னும் மீட்கவில்லை. ஊழியத்துக்கு வருமுன் வீட்டு வயரிங் செய்தேன். இப்போதும் கூப்பிடுகிறார்கள், நாள் கூலி 4,000. மனிதரிடம் கேட்காதே, தேவனிடம் கேள் என்றுதான் எனக்குக் கற்றுத்தந்தார்கள். காணிக்கைக் காசில் சேமிப்பது அவிசுவாசம் இல்லையா? ஊழியத்தை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போவதா?

பதில்: தம்பி, ஊழியத்தை விடத் தேவையில்லை. உங்கள் கடிதத்தை முதல் தரம் படித்தபோது ரொறன்ரோக் குடும்பம் நிறுத்தியதுதான் பிரச்சினை என்று நானும் நினைத்தேன். பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் வேறு ஒன்று தெரிந்தது.

லீசிங்கோடு உங்கள் வீட்டுச் செலவு 75,500. மனைவியின் 10,000 போக, காணிக்கையில் இருந்து வேண்டியது 65,500. ஊழியச் செலவு 22,000. ஆக மொத்தம் 87,500. போன வருடம் வந்ததோ மாதம் சராசரி 85,000. அந்தக் குடும்பம் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்த நாளிலேயே மாதம் 2,500 துண்டு விழுந்திருக்கிறது. வருடத்துக்கு 30,000. நகை வட்டியை நீங்கள் எழுதவே இல்லை, அது வேறு. மார்கழிக் காசு வந்து இதை மூடிவிட்டது. இப்போது வரவு 55,000 ஆனதும் துண்டு 32,500 ஆகி வெளியே வந்திருக்கிறது.

இதற்குக் காரணம் நீங்கள் ஊதாரி என்பதல்ல. இந்தச் செலவுகளில் வெட்டி எறிய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நகரத்தில் ஊழியம் செய்கிறவருக்கு இருக்கிற கஷ்டம் ஆதரவாளர்களுக்கே சரியாகத் தெரியாது. ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருக்கிற ஊழியருக்குச் சபையார் அரிசியும் பூசணிக்காயும் கச்சானும் கொண்டுவந்து கொடுப்பார்கள், வளவிலே நாலு மரவள்ளி நிற்கும். கிளிநொச்சி நகரில் வாடகை வீட்டில் கறிவேப்பிலைக்கும் காசு வேண்டும். உங்கள் சிக்கல் எங்கே என்றால், அரிசி வாங்குகிற காசும் மண்டப வாடகைக் காசும் ஒரே சட்டைப்பையில் இருக்கிறது. அதனால் காணிக்கை ஏறி இறங்குகிற ஒவ்வொரு தரமும் அடி நேரே அடுப்படியில் விழுகிறது.

2010 இல், சனம் மீள்குடியேறிய புதிதில், கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்தேன். வயதான போதகர் ஒருவர் ஒவ்வொரு திங்களும் லேஞ்சியில் முடிந்து ஞாயிற்றுக் காணிக்கையைக் கொண்டுவருவார். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள், சில்லறை. கூடவே ஒரு சீஆர் கொப்பி. அதில் மூன்று கோடு போட்டு ‘வந்தது’, ‘வேலைக்கு’, ‘வீட்டுக்கு’ என்று எழுதியிருப்பார். ஒரு கிழமை ‘வீட்டுக்கு’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘அரிசிக் கடை 1,850, என் கடன், சபைக் கடன் அல்ல’ என்று இருந்தது. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு அந்த மனிதர் அந்தக் கோட்டை அழிய விடவில்லை. பிறகு நான் பல வருடம் எங்கள் சபைக்குப் பொருளாளராக இருந்தேன். அந்தக் கொப்பியில் பார்த்ததைத்தான் அங்கேயும் செய்தேன்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஊழியத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். உங்கள் போதகரோ சபையில் நம்பிக்கையான ஒருவரோ இரண்டாவது கையெழுத்துப் போடட்டும். யார் எவ்வளவு அனுப்பினாலும் முதலில் அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். மாதம் முதலாம் திகதி அதில் இருந்து ஒரே தொகை உங்கள் வீட்டுக் கணக்குக்கு வரட்டும். அதுதான் உங்கள் சம்பளம். மார்கழியிலும் அதே தொகை, மாசியிலும் அதே தொகை.

எவ்வளவு? மோட்டார் சைக்கிள் ஓடுவது ஊழியத்துக்கு. ஆகவே 14,500 லீசிங்கை ஊழியப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அப்போது வீட்டுச் செலவு 61,000, ஊழியச் செலவு 36,500. மனைவியின் 10,000 போக உங்கள் சம்பளம் 51,000. இது ஆடம்பரச் சம்பளம் என்று எந்த ஆதரவாளரும் சொல்ல மாட்டார்.

போன மார்கழியை இப்படி நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 162,000 வந்தது. வீட்டுக்கும் ஊழியத்துக்கும் 87,500 போனால் 74,500 கணக்கில் நின்றிருக்கும். மாசியில் 38,000 வந்தபோது துண்டு விழுந்தது 49,500. அந்தக் குறையை மார்கழி மிச்சம் தாங்கி, இன்னும் 25,000 மீந்திருக்கும்.

அவிசுவாசமா என்று கேட்கிறீர்கள். வன்னியில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்க வேண்டாம் தம்பி, பக்கத்தில் வயல் செய்கிறவரிடம் கேளுங்கள். காலபோகம் வெட்டி நெல் விற்ற காசு கைக்கு வருவது ஒரு தரம், வீட்டில் உலை வைப்பது பன்னிரண்டு மாதம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் காணாது என்று சிறுபோகத்தைக் குறைத்து விதைக்கிற வருடமும் இருக்கிறது. விதைநெல்லை ஒதுக்கிய பிறகுதான் மிச்சத்தில் கை வைப்பார்கள். அவர்களும் மழைக்காகக் கடவுளிடம்தான் கேட்கிறார்கள்.

மனிதரிடம் கேட்காதே என்ற போதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1865 இல் ஹட்சன் டெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் இந்த வழியில் பேர் போனது. உத்தரவாதச் சம்பளம் கிடையாது, ஆட்களிடம் காசு கேட்பதும் கிடையாது. ஆனால் அதே மிஷனில், கடன் வாங்கக் கூடாது என்பதும் அதே அளவு கண்டிப்பான விதி. உங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் முதல் பாதியைத் தந்துவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, மனைவியின் நகையை அடகு வைத்துக் கதிரை வாங்கினீர்கள். அது விசுவாசத்தால் நடந்த காரியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உங்கள் ஒன்பது பேர் பட்டியலில் ஒரு பெயரைக் காணவில்லை. உங்கள் மனைவியின் பெயர். ரொறன்ரோக் குடும்பம் வருடத்துக்குக் கொடுத்தது 360,000. உங்கள் மனைவி நகையாக 180,000 கொடுத்திருக்கிறார், சம்பளமாக வருடம் 120,000 கொடுக்கிறார். அவருக்கு நீங்கள் நன்றிக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த 180,000 வீட்டுக் கடன் அல்ல, ஊழியத்தின் கடன். அப்படியே கொப்பியில் எழுதுங்கள், ஆதரவாளர்களுக்கும் அப்படியே சொல்லுங்கள். தவணைக்குள் வட்டி கட்டி மாற்றி எழுதாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். பவுண் இப்போது விற்கிற விலைக்கு அந்த நகையை உங்களால் திரும்பச் செய்விக்க முடியாது. அடகுச் சீட்டை இன்றைக்கே எடுத்துத் திகதியைப் பாருங்கள். இனிமேல் காசு பற்றிய முடிவு எதையும் அவர் இல்லாமல் எடுக்க வேண்டாம்.

சரி, இப்போதுள்ள துண்டை எப்படி அடைப்பது? வயரிங். கிழமைக்கு இரண்டு நாள் போங்கள். மாதம் எட்டு நாளுக்கு 32,000. மனைவியின் பத்தும் சேர்ந்தால் வீட்டில் 42,000. வீட்டுக்கு இன்னும் வேண்டியது 19,000, ஊழியத்துக்கு 36,500. இரண்டும் 55,500. காணிக்கை வருவது 55,000. ஐந்நூறு ரூபாய்தான் இடிக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொரிந்து பட்டணத்தில் பவுல், ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டில் இருந்து கூடாரம் தைத்தார். பிறகு சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவில் இருந்து வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வந்த சகோதரர்கள் அவருடைய குறைவை நிறைவாக்கினார்கள் என்று அவரே எழுதுகிறார். அதன் பிறகு முழுமூச்சாகப் பிரசங்கத்தில் இறங்கினார். உங்களுக்கும் இது அப்படி ஒரு காலம். இன்னொன்று, நீங்கள் ஊழியம் செய்கிற பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு பஸ் ஏறுகிறவர்கள். கையில் வயர் கறையோடு மாலைக் கூட்டத்துக்கு வருகிற ஒருவரின் பேச்சை அவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். ஆதரவாளர்களுக்கு இதை மறைக்க வேண்டாம். நீங்கள் சொல்லாமல் இருந்து, யாரோ ஒருவர் ஏணியில் உங்களைப் பார்த்துவிட்டு ரொறன்ரோவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னால்தான் கெட்டுப்போகும்.

அப்புறம், ஆதரவின் அமைப்பையும் மாற்ற வேண்டும். வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே குடும்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அது ஆபத்து. கிளிநொச்சியிலும் பரந்தனிலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கக்கூடிய இருபது பேரைத் தேடுங்கள். மிஷனரிக்கு வெளிநாட்டுக் காசு வரும் என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கணக்கைக் காட்டினால்தான் நம்புவார்கள். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டாவது கையெழுத்துக்காரரும் கையொப்பம் வைத்து, மாதம் தவறாமல் அனுப்புங்கள். எருசலேம் காணிக்கையைக் கொண்டுபோகப் பவுலே தன்னை மட்டும் நம்பச் சொல்லாமல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காக.

அந்த இருபதாயிரம் வரத் தொடங்கினால் முதலில் நகை வட்டி, பிறகு மூன்று மாதச் சம்பளம், அதாவது 153,000 ரூபாய், ஊழியக் கணக்கில் நிற்கும்வரை சேமிப்பு. அதற்குப் பிறகு நகையை மீட்கலாம். சேமிப்பைச் சாதாரண வங்கிக் கணக்கிலேயே வையுங்கள். சீட்டுப் பிடிக்க வேண்டாம், கூடுதல் வட்டி என்று கூப்பிடுகிற இடங்களுக்கும் போக வேண்டாம்.

வெளிநாட்டுக் காசு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கை மாறி, வருகிறதா? வந்தால் நிறுத்துங்கள். ஒரு டொலருக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பு, எழுத்தில் எந்தச் சாட்சியும் இருக்காது. ஊழியக்காரனுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் யாராவது கேட்டால், காட்ட வங்கிப் புத்தகம் வேண்டும்.

முதுமையை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். வேலை தருபவர் இல்லாதபடியால் உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. உங்கள் சபையோ ஒரு மிஷனோ நியமனக் கடிதம் தந்து உங்களைச் சம்பளத்தில் எடுத்தால் கதை மாறும். உங்கள் பங்கு 8 சதவீதம், அவர்கள் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவர்கள் கட்டுவது 3 சதவீதம். கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் அலுவலரைச் சந்தியுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் காசு கட்டி 60 வயதில் மாத ஓய்வூதியம் பெறுகிற திட்டம் அவர்களிடம் இருக்கிறது. 39 வயதில் கட்டுகிற தொகைக்கும் 50 வயதில் கட்டுகிற தொகைக்கும் நிறைய வித்தியாசம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கஷ்டத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற 5,000 ரூபாயை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதுதான் எல்லை. கிழமைக் கடன் வாங்கிவிட்டு அழுதுகொண்டு வருகிற அம்மாவுக்கு ஒரு தவணையை நீங்கள் கட்டினால், அந்தக் காசு கடன் கொடுத்தவனின் பெட்டிக்குத்தான் போகிறது. அடுத்த கிழமை அதே அம்மா அதே வாசலில் நிற்பார். அவருடன் உட்கார்ந்து மொத்தக் கடனையும் எழுதி, ஊரில் இருக்கிற சிக்கன கடனுதவுச் சங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் நேரம்தான் அவருக்கு அந்த 5,000 ரூபாயை விடப் பெரிய உதவி.

கடைசியாக, ரொறன்ரோக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் எதுவும் கேட்க வேண்டாம். அவர்கள் அனுப்பிய காசில் எத்தனை மாதம் மண்டப வாடகை போனது, எத்தனை பிள்ளைகள் அந்தக் கதிரைகளில் வந்து இருந்தார்கள், அதில் யார் யாருக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதுங்கள். அவர்களுக்கு வேலை கிடைக்க உங்கள் மாலைக் கூட்டத்தில் ஜெபிப்பதாகவும் எழுதி, அப்படியே ஜெபியுங்கள்.