கணையக் கட்டி: அறுவைக்கு முன் அந்தப் படபடப்பைக் கவனியுங்கள்

கணையக் கட்டி அறுவைக்குக் காத்திருக்கும் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; வாயுவும் அரிசிச் சோறும்தான் காரணமா என்றும் கேட்கிறீர்கள். நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த, சில மாதங்களில் உயிரைப் பறிக்கும் கணையப் புற்றுநோய் உங்கள் கணவருக்கு இல்லை. அவருடைய கட்டி ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவானது. பயாப்சியில் கி-67 அளவு, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு, 2 சதவீதம். 3-க்குக் கீழ் என்றால் மெதுவாக வளரும் முதல் தரம். ஸ்கேனில் பரவலும் இல்லை. அகற்றிவிட்டுப் பல ஆண்டுகள் நலமாக வாழ்பவர்கள் நிறையப் பேர். வாயுத் தொல்லைக்கும் அரிசிச் சோற்றுக்கும் இதில் பங்கே இல்லை, விடுங்கள்.

என் கவலை வேறு. அறிக்கையில் 'கிளியர் செல் வகை' என்று இருக்கிறது. செல்லுக்குள் கொழுப்பு நிறைந்திருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது அது கரைந்துவிடுவதால் செல் வெறுமையாக, வெளிறித் தெரியும். சிறுநீரகப் புற்றுநோய் பரவியதைப் போலவே தோன்றும் என்பதால்தான் ஹார்மோன் செல்களுக்கு அடையாளமான குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் புரதங்களைக் காட்டும் சாயங்களைப் போட்டு உறுதி செய்திருக்கிறார்கள். இந்த அரிய வகை, விழித்திரை, சிறுமூளை எனப் பல உறுப்புகளில் கட்டி வரவைக்கும் வான் ஹிப்பல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோயோடு சேர்ந்து வரக்கூடியது. உங்கள் மாமியார் இளவயதில் ஒரு கண் பார்வை இழந்ததையும், பிறகு சிறுமூளைக் கட்டியால் இறந்ததையும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுத வேண்டிய செய்தி அது!

இந்நோயில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வரலாம். திடீரெனத் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து அடங்குவது அதன் அடையாளம். உங்கள் கணவருக்கு அதுதானே வருகிறது? டென்ஷன் என்று முடிவுகட்டி, நண்பர் கொடுத்த, இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரையை யாரைக் கேட்டு விழுங்குகிறார்? அட்ரீனல் கட்டி இருந்து, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மருந்து தராமல் இதை மட்டும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறும். கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் அறுவை மேசையிலேயே உயிர் போகலாம்.

இன்றே அறுவை நிபுணரிடமும் மயக்கவியல் மருத்துவரிடமும் மாத்திரை, படபடப்பு, மாமியார் நோய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அட்ரீனல் கட்டி இருக்கிறதா என்று காட்டும் ரத்த மெட்டாநெஃப்ரின் பரிசோதனை முடிவு வராமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்ரீனல் கட்டி இருந்தால் மருந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். இந்தக் கணையக் கட்டி சில வாரங்கள் காத்திருக்கும். இடையில் படபடப்போடு நெஞ்சுவலியோ பார்வை மங்கலோ வந்தால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

குழந்தைகளுக்கு இப்போதே ஸ்கேன் வேண்டாம். முதலில் கணவருக்கு மரபணுப் பரிசோதனை செய்யட்டும். உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது அவர்களுக்கும் அதே மரபணுப் பரிசோதனை, கூடவே கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை.