ஒரு பம்புக்கு எத்தனை மில்லி?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் 2 ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். எல்லாம் காய்க்கிற மரங்கள், மொத்தம் 110. மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் புல் மண்டிவிட்டது. வாங்கிய களைக்கொல்லியின் லேபிளில் 'ஹெக்டேருக்கு 3 லிட்டர், தண்ணீர் 450 லிட்டர்' என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது 16 லிட்டர் தோள் பம்பு. கடைக்காரர் 'சீசீ' கணக்கு சொல்கிறார், தண்ணீர் பில் கன மீட்டரில் வருகிறது, வீட்டுத் தோம்பு (தண்ணீர்த் தொட்டி) 400 கேலன். எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது, ஐயா?

பதில்: முதலில் சீசீயைத் தீர்த்துவிடுவோம். சீசீ என்பது கன சென்டிமீட்டர். 1 சீசீயும் 1 மில்லியும் ஒன்றேதான். 1,000 மில்லி 1 லிட்டர், 1,000 லிட்டர் 1 கன மீட்டர். பலர் இடறுவது கடைசிப் படியில். மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று கன மீட்டருக்கும் 100 போட்டுவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் 100 வருவதால் அது 10 லட்சம் சீசீ. சதுரத் தொட்டி இருந்தால் உள்ளளவைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள்: 120 × 100 × 50 என்றால் 600 லிட்டர்.

கேலன் மெட்ரிக் அளவே இல்லை. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். உங்கள் தோம்பு முதல் வகை என்றால் சுமார் 1,818 லிட்டர், அதாவது 1.8 கன மீட்டர். அதில் மருந்து கலக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம், வீட்டுத் தண்ணீர் வீட்டுக்குத்தான்.

இனி மருந்து. 450 லிட்டருக்கு 3,000 மில்லி என்றால் லிட்டருக்கு 6.67 மில்லி. 16 லிட்டர் பம்புக்கு 107 மில்லி. லிட்டரில் எழுதினால் அது 0.107. இந்தப் புள்ளியில்தான் கை நழுவும்: 0.1 லிட்டர் 100 மில்லி, 0.01 லிட்டர் வெறும் 10 மில்லி.

2 ஏக்கர் 0.81 ஹெக்டேர் என்பதால் 2,430 மில்லி வாங்கி 23 பம்பு அடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நிலம் முழுக்க அடித்தால் அது சரி. நீங்கள் அடிக்கப்போவது வட்டம் மட்டுமே. லேபிளின் ஹெக்டேர் என்பது மருந்து படும் பரப்பு, கிராந்தில் (நிலப் பட்டாவில்) உள்ள பரப்பு அல்ல. மரத்திலிருந்து 2 மீட்டர் ஆரம் வைத்தால் ஒரு வட்டம் 12.6 சதுர மீட்டர். 110 மரத்துக்குச் சுமார் 1,385 சதுர மீட்டர், அதாவது 0.14 ஹெக்டேர். ஆக 4 பம்பு, சுமார் 430 மில்லி. தண்ணீர் 64 லிட்டர். பில்லில் அது 0.064 கன மீட்டர். அறுவடைப் பாதையும் அடிப்பதாக இருந்தால் அதன் நீள அகலத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளக்க பாட்டில் மூடியை நம்பாதீர்கள், மூடிக்கு மூடி கொள்ளளவு மாறும். கோடு போட்ட அளவுக் குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். அந்தக் குவளை திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. தராசும் உதவாது: 1 மில்லி 1 கிராம் என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். கையுறை போட்டு, பம்பில் பாதித் தண்ணீர் ஊற்றி, மருந்தைச் சேர்த்து, பிறகு 16 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். மருந்து கிளைபோசேட் என்றால் கலங்கிய ஓடைத் தண்ணீர் ஆகாது. சேற்று மண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல் சாகாது.

கணக்கு சரியாக இருந்தும் கை தப்பலாம். ஹெக்டேருக்கு 450 லிட்டர் என்பது சதுர மீட்டருக்கு 45 மில்லி. அப்படியானால் ஒரு பம்பு 355 சதுர மீட்டருக்கு, சுமார் 28 மரத்துக்கு வர வேண்டும். முதல் பம்பில் மருந்து போடாமல் வெறும் தண்ணீரை அடித்து மரத்தை எண்ணுங்கள். 20 மரத்திலேயே தீர்ந்தால் மருந்து 40 விழுக்காடு கூடுதலாக இறங்குகிறது: நடை மெதுவாக இருக்கும், அல்லது நாசல் (மருந்து தெளிக்கும் முனை) துளை தேய்ந்திருக்கும். 40 மரம் வரை வந்தால் 30 விழுக்காடு குறைவு. புல் மஞ்சளாகி மறுபடி தளிர்க்கும். நடையை மாற்றிப் பாருங்கள். அதற்கும் 28-க்குப் பக்கத்தில் வராவிட்டால் புது நாசல் போடுங்கள்.