ஈரல் டானிக்கும் ஏறாத மாடிப்படியும்: குழந்தைகளின் மரபணு நோய்கள் பற்றிச் சில கேள்விகள்

என் 4 வயது மகனுக்குக் காய்ச்சலின்போது ரத்தம் பார்த்ததில் ஈரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் 200-ஐத் தாண்டியிருந்தன. மஞ்சள்காமாலை இல்லை. ஆறு மாதமாக ஈரல் டானிக் கொடுத்தும் குறையவில்லை. மாடிப்படி ஏறவும் தடுமாறுகிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – வாசகி, பெரம்பூர்

இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் கூடும். டானிக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டு, ஜிஜிடி (ஈரல் நொதி), சிபிகே (தசை நொதி) இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். ஜிஜிடி சரியாக இருந்து, சில நூறுக்குள் இருக்க வேண்டிய சிபிகே பல ஆயிரங்களில் வந்தால் கோளாறு ஈரலில் இல்லை. பையன்களுக்குத் தசை படிப்படியாகச் சிதையும் மரபணு நோயான டுஷென் தசைச்சிதைவைத்தான் முதலில் தேட வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். பையனைத் தரையில் உட்கார வைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி, பிறகு முழங்கால், தொடை என்று தன் காலையே பிடித்துப் பிடித்து நிமிர்ந்தால் இடுப்புத் தசையில் பலமில்லை என்று பொருள். கெண்டைக்கால் புடைத்திருப்பதைப் பார்த்து 'நல்ல தேகக்கட்டு' என்று பாட்டிமார் மெச்சுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே நோயின் அடையாளம்.

அடுத்தது ரத்தத்தில் எம்எல்பிஏ பரிசோதனை. இந்த நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோபின் மரபணுவில் துண்டு விடுபட்டிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்று இது காட்டும். சுமார் 70 சதவீதம் பேருக்கு இதிலேயே விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். தசையை வெட்டியெடுத்துப் பார்ப்பதில் தொடங்க வேண்டாம். நோய் உறுதியானால் உங்களுக்கும் பரிசோதனை தேவை. நீங்கள் கடத்தி (நோயில்லாமல் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்) என்றால் உங்கள் அக்கா, தங்கைக்கும் சொல்லுங்கள். அவர்களுடைய மகன்களுக்கும் வரக்கூடும். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன் மயக்க மருந்து மருத்துவரிடம் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து இவர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடலாம்.

தாய்மாமனைத் திருமணம் செய்திருக்கிறேன். முதல் குழந்தை நன்றாகப் பிறந்து ஐந்தாம் நாள் இறந்தது. கிருமித் தொற்று என்றார்கள். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை. இந்தக் குழந்தைக்கும் ஆபத்து உண்டா? – வாசகி, ஆவடி

அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பழைய கோப்பை எடுங்கள். ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளர்ந்ததா? அமோனியா பார்த்தார்களா? இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்து, பிறகு குடிக்காமல் சோர்ந்து, மூச்சு வேகமாகி, கிருமியும் அகப்படாமல் போயிருந்தால் வளர்சிதை மாற்ற நோயை, அதாவது உணவை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாமல் அமோனியா போன்ற நச்சு ரத்தத்தில் சேரும் பிறவி நோயைச் சந்தேகிக்க வேண்டும். தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். ஒரே குறை இருவரிடமும் ஒளிந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத அபாயம். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது ஆறுதலாகாது.

குழந்தையின் ரத்தமோ, பிறவி நோய்ப் பரிசோதனைக்காகக் குதிகாலில் எடுத்த ரத்தத்துளி அட்டையோ மிஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிப்பது) செய்யலாம். இந்த வாரமே மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். கருவைப் பரிசோதிக்க நச்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்தில், பனிக்குட நீர் எடுப்பது 16 வாரத்துக்குப் பின். முடிவு வரவே வாரக்கணக்காகும். விடை கிடைக்காவிட்டாலும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள இடத்தில் பிரசவத்தை வைத்து, முதல் நாளிலிருந்தே அமோனியாவைக் கவனிக்கச் சொல்லலாம்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாமல் குழந்தை பிழைக்காது என்ற நிலை வந்தால், பெற்றோர் சம்மதத்துடன் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து டிஎன்ஏவைச் சேமியுங்கள். அடுத்த குழந்தைக்கு அந்த 2 மில்லிதான் வழிகாட்டும். அமோனியாவுக்கு எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டாமல் எடுத்து, ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெளியே கிடந்தால் அளவு பொய்யாகக் கூடும்.

மூன்று மாதக் குழந்தை. முகம் பார்த்துச் சிரிக்கிறது, கைகால் மட்டும் துவண்டு கிடக்கிறது. எக்ஸோம் அனுப்பட்டுமா? – கிளினிக் மருத்துவர், தாம்பரம்

முதலில் நாக்கைப் பாருங்கள், குழந்தை அழாதபோது, நாக்கு வாய்க்குள் அசையாமல் கிடக்கும்போது. டார்ச் வெளிச்சத்தில் மேற்பரப்பு புழு நெளிவதுபோலத் துடித்து, முழங்கால் அனிச்சையும் இல்லையென்றால் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் இறந்து தசை நலியும் முதுகுத்தண்டுத் தசைநலிவு, அதாவது எஸ்எம்ஏ. எஸ்எம்என்1 மரபணு நீக்கத்துக்கான எம்எல்பிஏவை நேரடியாகக் கேளுங்கள். சுமார் 95 சதவீதம் பேருக்கு இதில் தெரியும். எக்ஸோமில் இது தவறிப்போகலாம். இன்று சிகிச்சை உண்டு, ஆனால் இறந்த நரம்பணு திரும்பாது. ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். அடுத்ததற்கும் வருமா? – வாசகர், அம்பத்தூர்

குழந்தையின் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையைப் பாருங்கள். 21-ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருந்தால் மீண்டும் வரும் வாய்ப்பு குறைவு, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. தாயின் வயது கூடக் கூட அதிகமாகும். இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருந்தால் உங்கள் இருவருக்கும் கேரியோடைப் எடுத்த பிறகே சொல்ல முடியும். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். எக்கோ எடுக்கவில்லையென்றால் உடனே எடுங்கள்; தைராய்டை ஆண்டுதோறும் பாருங்கள்.

குதிகால் ரத்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது? – வாசகி, வேளச்சேரி

பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்பே. ஜி6பிடி குறை (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியின் குறை) என்று வந்தால், சிவப்பணுக்களை உடைக்கக்கூடிய பாச்சை உருண்டையைத் துணி பீரோவிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள்.