1875 அமெரிக்க ரயில் வரைபடத்தில் பாதை தொடர்கிறது, ஓஹாயோ நதிக்கரையிலுள்ள லூயிவில்லில் சரக்கை ஏன் இறக்கி ஏற்றினார்கள்?

கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், வித்தியாசப்பட்டதுதான் காரணமாக இருக்கும். வரைபடத்தில் பாதை வெறும் கோடு. தண்டவாளங்களுக்கு இடையே எத்தனை அடி என்று அது சொல்லாது. ஓஹாயோ நதிக்கு வடக்கே பெரும்பாலும் 4 அடி 8½ அங்குலம். தெற்கே, லூயிவில்–நாஷ்வில் பாதை உட்பட, 5 அடி. 1870-லேயே ஆற்றுப் பாலம் திறந்தாயிற்று, ஆனாலும் வடக்கத்தி வண்டி தெற்கே அப்படியே ஓடாது. இறக்குகூலி, தாமதம், சேதாரம் எல்லாம் வியாபாரி தலையில்.

சரிபார்க்க: அதே வருடத்துக் கம்பெனி அறிக்கைகளில் இரு பக்கப் பாதைகளின் கேஜையும் பாருங்கள். கூடவே 1886 ஜூனுக்குப் பிந்தைய சரக்குப் பதிவையும் எடுத்து, இறக்கி ஏற்றுவது நின்றதா என்று பாருங்கள். ஜூன் 1-ஐ ஒட்டிய ஓரிரு நாளில் தெற்கே 11,000 மைலுக்கு மேல் பாதையின் கேஜை மாற்றிவிட்டார்கள். உள்பக்க ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்து, ஒரு தண்டவாளத்தை மட்டும் 3 அங்குலம் உள்ளே தள்ளினார்கள். வந்தது 4 அடி 9 அங்குலம். அந்த அரை அங்குலம் ஓட்டத்துக்குத் தடையில்லை. அசாத்தியமான வேலை!

ஒன்று மட்டும் கவனம். கேஜ் மாறும் இடத்திலெல்லாம் சரக்கு இறங்கியது என்று எழுதிவிடாதீர்கள். சில இடங்களில் பெட்டியைத் தூக்கி, அடியிலுள்ள சக்கரத் தொகுதியை மாற்றி அனுப்பினார்கள். உங்கள் பதிவில் இறக்குகூலி தனியாக வந்திருக்கிறதா?