கேட்வே சுவிட்சை நிறுவிப் பராமரிக்கக் கையேடு மட்டும் போதுமா?

"டேட்டா சென்டரில் ஒரு கேட்வே சுவிட்சை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இதுவரை சாதாரண ஈதர்நெட் சுவிட்சுகளில்தான் வேலை பார்த்திருக்கிறேன். கையேட்டை வரிக்கு வரி பின்பற்றினால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நான் வரிக்கு வரி பின்பற்றியவன். அப்படிப் பின்பற்றிய ஓர் இரவில்தான் ஒரு தொழிற்சாலையின் சம்பளம் நின்றது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலையை என்னால் ஊகிக்க முடிகிறது. இந்தப் பொறுப்பை உங்களுக்கு முன் பார்த்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். போகும்போது ஒரு எக்செல் தாளைக் கொடுத்திருப்பார், அதில் பாதி பழையதாக இருக்கும். "அதுவும் ஒரு சுவிட்ச்தானே" என்று மேலாளர் சொல்லியிருப்பார். நீங்கள் மறுத்துப் பேசும் இடத்தில் இருக்க மாட்டீர்கள்.

நான் வேலை பார்த்த பெட்டியை வைத்தே சொல்கிறேன். ஆரக்கிள் நிறுவனம் சன் என்ற பெயரோடு விற்ற இன்ஃபினிபேண்ட் கேட்வே சுவிட்ச் அது. இன்ஃபினிபேண்ட் என்பது டேட்டா சென்டருக்குள் சர்வர்களை அதிவேகமாக இணைக்கும் ஒரு வலை முறை, ஈதர்நெட்டிலிருந்து வேறானது. ரேக்கில் ஒரே ஒரு யூனிட் உயரம். இன்ஃபினிபேண்டுக்கு 32 போர்ட்டுகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கிகாபிட். தரவைக் குறியீடாக்கி அனுப்புவதில் போகும் பங்கு போக உண்மையான தரவுக்குக் கிடைப்பது 32 கிகாபிட். இவை தவிர ஈதர்நெட்டுக்கென்று 2 போர்ட்டுகள். 0ஏ, 1ஏ என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலிருந்தும் கேபிள் நான்காகப் பிரிந்து, மொத்தம் 8 இணைப்புகள், ஒவ்வொன்றும் 10 கிகாபிட், வெளியே போகும். சர்வர்கள் உள்ளே இன்ஃபினிபேண்டில் பேசிக்கொள்ளும். வெளியுலகம் ஈதர்நெட்டில் பேசும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வாசல்தான் இந்தப் பெட்டி. சர்வருக்குள் உண்மையான ஈதர்நெட் கார்டு இருக்காது. கேட்வேயில் நாம் உருவாக்கிக் கொடுக்கும் மெய்நிகர் கார்டுதான் அதற்கு வெளிவழி. அதை நாங்கள் வி-நிக் என்போம். அந்த 0ஏ, 1ஏ என்ற இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சுவிட்சில் கேபிளைச் செருகினால் அது தானாகவே முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். இன்ஃபினிபேண்டில் அப்படி இல்லை. சப்நெட் மேனேஜர் என்ற மென்பொருள் வலை முழுவதையும் சுற்றிவந்து, ஒவ்வொரு முனைக்கும் எண் கொடுத்து, எந்த வழியில் எது போக வேண்டும் என்று வகுத்துத் தரவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தலைமை ஏற்கும், மற்றவை காத்திருக்கும். முன்னுரிமை எண் அதிகமுள்ளது தலைமைக்கு வரும். இரண்டு பெட்டிகளிலும் ஒரே எண்ணை விட்டுவைத்தால் வன்பொருள் அடையாள எண் சிறியதாக உள்ள பெட்டி தலைமை ஏற்கும். எது தலைமை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், பெட்டிகளிடம் விடாதீர்கள்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அந்தப் பகுதியைக் கையேடு நன்றாகவே சொல்லும். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று ரேக்கில் ஏற்றும் முன் பாருங்கள். குளிர்காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் சுவிட்ச் சூடான காற்றையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டு பவர் சப்ளைகளின் கயிறுகளும் வெவ்வேறு மின்வழிகளுக்குப் போகவேண்டும். செம்புக் கேபிள்கள் விறைப்பானவை, அவற்றின் எடை போர்ட்டில் தொங்கக்கூடாது. பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டாதீர்கள், வெல்க்ரோ போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பச்சை விளக்கை நம்பாதீர்கள். ஓர் இணைப்புக்குள் நான்கு தடங்கள் இருக்கின்றன. கேபிள் முழுதாக உட்காராவிட்டால் ஒரே தடத்தில் இணைப்பு எழக்கூடும். விளக்கு அப்போதும் பச்சையாகத்தான் எரியும், வேகம் மட்டும் 40-க்குப் பதில் 10 ஆக இருக்கும். ஒவ்வொரு போர்ட்டிலும் அகலத்தையும் வேகத்தையும் கட்டளை கொடுத்துப் பாருங்கள். பிறகு பிழை எண்ணிகளைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர். நான் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள். ரேக்கில் இரண்டு கேட்வேக்கள் இருந்தன. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் முதல் பெட்டிக்கு, ஒரு கேபிள் இரண்டாவதற்கு. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொரு வி-நிக், அவை இரண்டும் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டி போனால் இன்னொன்று தாங்கும் என்பது ஏற்பாடு.

முதல் பெட்டியில் கடிகார பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சில ஆண்டுகள் ஓடிய எந்தப் பெட்டியிலும் நடப்பதுதான். மின்சாரம் போய் வந்தால் தேதி எங்கேயோ பின்னால் போய் நிற்கும், லாக்கில் வரும் நேரங்கள் எதற்கும் உதவாது. ஃபேனையும் பவர் சப்ளையையும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். பேட்டரி உள்ளே பலகையில் இருக்கிறது. அதற்குப் பெட்டியை முழுவதும் அணைத்து, இரண்டு மின்கயிறுகளையும் பிடுங்க வேண்டும்.

மாத இறுதி இரவு 1 மணிக்குப் பெட்டியை அணைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. என்னோடு வந்தது புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன். கையேட்டில் உள்ளதை எல்லாம் செய்தோம். அமைப்புகளைப் பிரதி எடுத்து வெளியே வைத்தோம். தலைமை எந்தப் பெட்டியில் என்று பார்த்தேன், முதல் பெட்டியில் இருந்தது. முன்னுரிமையை மாற்றி இரண்டாவதற்குக் கைமாற்றினேன். மாறிவிட்டது என்று இரண்டிலும் சரிபார்த்தேன். கேபிள்களுக்குச் சீட்டு ஒட்டினோம். மணிக்கட்டில் நிலைமின் பட்டை. எக்செல் தாளில் எல்லா சர்வர்களுக்கு எதிரிலும் "இரட்டை வழி: ஆம்" என்று இருந்தது. அணைத்தேன்.

பேட்டரியை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன் வந்தது. ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை. கண்காணிப்புத் திரையைப் பார்த்தால் அந்த சர்வர் பச்சையாக இருந்தது. இன்ஃபினிபேண்ட் வழியாகக் கூப்பிட்டால் உடனே பதில் சொன்னது. சேமிப்பகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. உள்ளே உயிரோடுதான் இருந்தது. வெளியிலிருந்து மட்டும் யாராலும் அதைத் தொட முடியவில்லை.

"அண்ணே, இரண்டாவது பெட்டியில் இந்த சர்வரின் பெயரே இல்லையே" என்று அந்த இளைஞன்தான் முதலில் சொன்னான். வி-நிக் பட்டியலில் மேலும் கீழும் தேடினோம். இல்லை.

நடந்தது இதுதான். அந்த சர்வரை 2 மாதங்களுக்கு முன் வேறொரு குழு சேர்த்திருக்கிறது. சேர்த்தவர் இரண்டு வி-நிக்குகளை உருவாக்கியிருக்கிறார், முறையாகப் பிணைத்தும் இருக்கிறார். ஆனால் ஒன்றை 0ஏ-யிலும் மற்றதை 1ஏ-யிலும் வைத்திருக்கிறார். இரண்டு பெயர், இரண்டு போர்ட், அதனால் இரண்டு வழி என்று நினைத்திருக்கிறார். இரண்டும் ஒரே பெட்டியின் போர்ட்டுகள். நான் அணைத்து, மூடியைத் திறந்து வைத்திருந்த அதே பெட்டி.

அவசரமாக மூடினோம். மின்சாரம் கொடுத்தோம். பெட்டி எழுந்து, சப்நெட் மேனேஜர் அதை மறுபடியும் கண்டு வழிகளை வகுத்து, வி-நிக்குகள் திரும்பி வரும்வரை அந்த ரேக் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். குளிரில் கை விறைத்திருந்தது, சட்டை மட்டும் முதுகில் ஒட்டியிருந்தது. மொத்தம் 38 நிமிடங்கள்.

அந்த சர்வரிலிருந்துதான் ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போகவேண்டும். அன்று இரவு போகவேண்டியது போகவில்லை. மறுபடியும் அனுமதி வாங்கி அனுப்பியதில் காலையில் ஏறவேண்டிய சம்பளம் பிற்பகலில்தான் ஏறியது. சில மணி நேரம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். என் அப்பா மில் தொழிலாளி. சம்பள நாள் காலையில் எங்கள் வீட்டில் அம்மா யார் யாருக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்புவாள் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

பெட்டியில் குற்றமில்லை. கையேட்டிலும் குற்றமில்லை. அணைப்பதற்கு முன் செய்யவேண்டியவை எல்லாம் அதில் சரியாக இருந்தன. ஆனால் கையேட்டை எழுதியவருக்கு உங்கள் சர்வர்களைத் தெரியாது. எந்த வி-நிக் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது உங்கள் இடத்தில் மட்டும் உள்ள விஷயம். என் தவறு, தாளில் இருந்த "ஆம்" என்ற சொல்லைப் பெட்டியிடம் கேட்டு உறுதி செய்யாதது. அதை நான் மறுக்கவில்லை, அன்றைக்கும் மறுக்கவில்லை.

ஆனால் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "சேவைப் பணியாளரின் கவனக்குறைவு." ஒரே வரி. 2 மாதங்களாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த சர்வரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஆய்வுக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவும் இல்லை. காரணம், நான் டிப்ளமோ. கூட்டத்துக்குப் பொறியாளர்கள் மட்டும்.

கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஊரே துண்டுபட்டுக் கிடந்தது. மாற்று ஷிஃப்ட் ஆட்கள் வரமுடியாத அந்த நாட்களில் பாலிடெக்னிக்கில் படித்த நாங்கள் மூன்று பேர் பிஸ்கட்டும் தேநீருமாக உள்ளேயே இருந்து அந்த இடத்தை ஓட்டினோம். டீசல் அளவை மணிக்கொரு முறை பார்த்து எழுதினோம். பிறகு வந்த பதவி உயர்வுப் பட்டியலில் மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. பி.இ. இருந்தால்தான் மேலே போகலாம் என்றார்கள். கேபிளைத் தொட்டே பார்த்திராதவர் எனக்கு மேலாளராக வந்தார். பட்டம் படித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பொறியாளர்களிடம்தான் நான் பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். 3 ஆண்டுப் படிப்பும் 20 ஆண்டு அனுபவமும் உள்ளவனை 4 ஆண்டுப் படிப்புக்குக் கீழே என்றென்றைக்கும் நிறுத்திவைக்கும் அந்த விதியின் மேல்தான் கோபம்.

சரி, உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன்.

"இப்போது யார் இன்ஃபினிபேண்ட் கேட்வே வாங்குகிறார்கள், எல்லாம் ஈதர்நெட்டுக்கே வந்துவிட்டதே" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினித் தொகுதிகளில் இன்றும் இன்ஃபினிபேண்ட் ஓடுகிறது. இன்ஃபினிபேண்ட் கருவிகள் செய்வதில் முன்னணியில் இருந்த மெல்லனாக்ஸை என்விடியா 2020-இல் வாங்கியது சும்மா இல்லை. உங்களுடையது முழுக்க ஈதர்நெட் கேட்வேயாகவே இருந்தாலும், ஒரே பெட்டியின் இரண்டு போர்ட்டுகளை இரண்டு வழிகள் என்று எண்ணும் பிழை அங்கேயும் நடக்கும். "இதையெல்லாம் தானியங்கி ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் நல்லதுதான், நானும் பிறகு ஒன்று எழுதிக்கொண்டேன். ஆனால் அது எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று அந்த இரவுக்கு முன் எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. எந்தப் பெட்டியை அணைப்பதற்கு முன்னும் இரண்டு கேட்வேக்களிலிருந்தும் வி-நிக் பட்டியலை எடுத்து அருகருகே வைப்பேன். ஒவ்வொரு சர்வரின் பெயரும் இரண்டிலும் இருக்கிறதா என்று பேனாவால் குறிப்பேன். பிறகு சர்வருக்குள் போய், பிணைப்பில் இரண்டு கால்களும் எழுந்து நிற்கின்றனவா என்று பார்ப்பேன். அதன் பின்னும் மின்சாரத்தில் கை வைக்கமாட்டேன். முதலில் அந்தப் பெட்டியின் ஈதர்நெட் போர்ட்டுகளை மட்டும் கட்டளையால் முடக்கிப் பத்து நிமிடம் காத்திருப்பேன். ஏதாவது சர்வர் காணாமல் போனால் ஒரே கட்டளையில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அணைத்துவிட்டால் பெட்டி எழும்வரை நிற்க வேண்டும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுவதற்கும் இதே ஒழுங்குதான். காத்திருக்கும் பெட்டிக்கு முதலில் ஏற்றுங்கள், தலைமையைக் கைமாற்றுங்கள், பிறகு மற்றதற்கு.

உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, எனக்கு அது இருக்கவில்லை. உங்கள் பெட்டி இன்னும் சேவைக்கு வரவில்லை. வாடிக்கையாளர் யாரும் ஏறுவதற்கு முன் ஒரு முழு நாள் கேளுங்கள். முதல் கேட்வேயை அணைத்துப் பாருங்கள், எல்லா சர்வர்களையும் வெளியிலிருந்து தொட முடிகிறதா என்று சோதியுங்கள். பிறகு இரண்டாவதை. நேரமில்லை என்று மேலாளர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது சர்வர் ஏறியிருந்தால், அதன் இரண்டு வி-நிக்குகளும் எந்தெந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று இன்றைக்கே பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். என் ஷிஃப்ட் இரவு 10 மணிக்குத் தொடங்கும், அதற்கு முன் வந்து படிக்கிறேன்.