அன்சிபிள் கேள்வி-பதில்: சிவப்பும் மஞ்சளும் சொல்வது என்ன?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருக்கிறேன். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிளைப் பயன்படுத்துகிறேன். 40 லினக்ஸ் சர்வர்களின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வசதி) அமைப்புக் கோப்பில், ரூட் பயனர் நேரடியாக நுழைவதைத் தடுக்கும் ‘பெர்மிட்ரூட்லாகின் நோ’ என்ற வரி இருக்கிறதா என்று கமாண்ட் மாட்யூல் (கட்டளையை ஓட்டும் அன்சிபிள் பகுதி) வழியாக க்ரெப் (கோப்பில் சொல் தேடும் கட்டளை) போட்டுப் பார்க்கிறேன். வரி இல்லாத சர்வரில் டாஸ்க் (அன்சிபிள் செய்யும் ஒரு வேலை) சிவப்பாகி நின்றுவிடுகிறது. வரி இருந்தாலோ மஞ்சளில் ‘சேஞ்ச்டு’ என்று வருகிறது. நான் எதையும் மாற்றவில்லையே? — வாசகி, பினாங்கு

பதில்: கமாண்ட், ஷெல் மாட்யூல்களுக்கு நீங்கள் கொடுத்த கட்டளையின் நோக்கம் தெரியாது. அது முடிந்ததும் தரும் எண்ணை, அதாவது ‘ஆர்சி’யை மட்டும் பார்க்கும். 0 வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. க்ரெப்பின் கணக்கு வேறு: வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்க முடியாமல் போனால் 2. உங்களுக்கு 1 என்பது ஒரு பதில். 2 மட்டும்தான் பிழை.

அதை அன்சிபிளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். விடையை ‘சோதனை’ என்ற பெயரில் சேமிக்க டாஸ்கில் ‘ரிஜிஸ்டர்: சோதனை’ என்று போட்டு, கீழே ‘ஃபெயில்டு_வென்: சோதனை.ஆர்சி > 1’ என்று எழுதுங்கள். பலர் அவசரத்துக்கு ‘இக்னோர்_எரர்ஸ்’ போடுகிறார்கள். வேண்டாம், கோப்பே காணாமல் போனாலும் பிளேபுக் (டாஸ்க்குகளை வரிசையாக எழுதிய கோப்பு) பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

மஞ்சளுக்கு ‘சேஞ்ச்டு_வென்: ஃபால்ஸ்’ போதும். இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்த டாஸ்கில் ‘நோட்டிஃபை’ (மாற்றம் வந்தால் வேறொரு வேலையைத் தூண்டும் வரி) இருந்தால், பொய்யான ஒரு ‘சேஞ்ச்டு’வுக்காக ஒவ்வொரு ஓட்டத்திலும் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்.

இன்னும் இரண்டு இடத்தில் இடறும். வரிக்கு முன்னால் # இருந்தாலும் க்ரெப் அதைப் பிடித்து 0 தந்துவிடும். தேடும் சொல்லை ^ குறியோடு தொடங்குங்கள். அடுத்து, செக் மோடில் (எதையும் மாற்றாத ஒத்திகையில்) ஓட்டினால் கமாண்ட் டாஸ்க் தாண்டிப் போகும். ‘சோதனை’ அப்போதும் இருக்கும், ஆனால் அதற்குள் ‘ஸ்கிப்டு’ இருக்குமே தவிர க்ரெப்பின் உண்மையான ஆர்சி இருக்காது. அதை நம்பியிருக்கும் அடுத்த டாஸ்க் உடைந்துவிடலாம், அல்லது தவறான முடிவெடுக்கலாம். வெறுமனே படிக்கும் டாஸ்க் என்பதால் ‘செக்_மோட்: ஃபால்ஸ்’ போட்டு அதை எப்போதும் ஓட விடலாம்.

வரியைத் திருத்துவதுதான் கடைசி நோக்கம் என்றால், இத்தனையும் தேவையே இல்லை. லைன்இன்ஃபைல் மாட்யூல் தானே பார்த்து, தானே மாற்றி, மாற்றினால் மட்டும் ‘சேஞ்ச்டு’ சொல்லும்.

கேள்வி: டிஸ்க் 80 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும். ‘ரிசல்ட்.எஸ்டிடிஅவுட் > 80’ என்று எழுதினால் பிழை வந்தது. எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ ஃபில்டர் சேர்த்தேன். பிழை போய்விட்டது, ஆனால் நிறைந்த டிஸ்கிலும் எச்சரிக்கை வரவில்லை. — வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எஸ்டிடிஅவுட், அதாவது கட்டளை தரும் வெளியீடு, எப்போதும் எழுத்துச்சரம்தான், எண் இல்லை. அதனால்தான் முதல் பிழை. இரண்டாவது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் சத்தமே போடாது: ‘91%’ போன்ற சரத்தை ‘இன்ட்’ எண்ணாக மாற்ற முடியாமல் 0 என்று தந்துவிடும். 0 எப்படி 80ஐத் தாண்டும்?

டிஸ்க் அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை, பார்க்க வேண்டிய டிஸ்கின் பாதையையும் கொடுத்து, ‘--அவுட்புட்=பிசென்ட்’ என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரிதான் அளவு. எனவே ‘எஸ்டிடிஅவுட்_லைன்ஸ்[1]’ஐ எடுத்து, ரீபிளேஸ் ஃபில்டரால் % குறியை நீக்கிவிட்டு, அதன்பிறகு ‘இன்ட்’ போடுங்கள். தலைப்பை நீக்க ஷெல்லில் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குறி) போட்டு, கடைசி வரிகளைக் காட்டும் டெயிலுக்கு அனுப்பினால், கிடைப்பது டெயிலின் ஆர்சி. டிஎஃப் தோற்றிருந்தாலும் 0 என்றே காட்டும். பைப் வேண்டுமென்றால் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ சேர்த்து, எக்ஸிக்யூட்டபிளாக பேஷ் ஷெல்லைக் குறிப்பிடுங்கள். உபுண்டுவின் வழக்கமான ஷெல்லான எஸ்எச் உண்மையில் டேஷ் என்ற வேறொரு ஷெல் என்பதால், அது இந்த ஆப்ஷனை ஏற்காமல் போகலாம்.

கேள்வி: லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) போட்ட டாஸ்கை ரிஜிஸ்டர் செய்தால் எஸ்டிடிஅவுட் இல்லை என்கிறது. — வாசகர், பட்டர்வொர்த்

பதில்: லூப்பில் ஒவ்வொரு சுற்றின் விடையும் ‘ரிசல்ட்ஸ்’ என்ற பட்டியலுக்குள் போய்விடும். அடுத்த டாஸ்கில் அந்தப் பட்டியலையே லூப் செய்து, ‘ஐட்டம்.எஸ்டிடிஅவுட்’ என்று எடுங்கள். எந்தச் சுற்று என்பது ‘ஐட்டம்.ஐட்டம்’இல் இருக்கும். குழப்பமாக இருந்தால் முதலில் டீபக் மாட்யூலில் ‘வார்’ கொடுத்து முழு விடையையும் திரையில் கொட்டிப் பாருங்கள். கடவுச்சொல் வரும் டாஸ்கில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.