சேலி கபோரியின் ஓவியங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். ஆஸ்திரேலிய ஓவியர் சேலி கபோரியின் படங்களைக் காட்டினால், "சும்மா பெயிண்ட் அப்பியிருக்கு டீச்சர்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: இடத்திலிருந்து தொடங்குங்கள். அவர் பெயரிலேயே இடம் இருக்கிறது: மிர்டிடிங்கிங்கதி ஜுவார்ண்டா, அதாவது மிர்டிடிங்கி ஓடைக்கரையில் பிறந்தவர், குலக்குறி (குலத்தின் அடையாள உயிர்) டால்பின். அந்த ஓடை ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்பென்டாரியா வளைகுடாவின் பென்டிங்க் தீவில் ஓடுகிறது. கயடில்ட் என்ற பழங்குடி மக்களின் தீவு அது. 1924 வாக்கில் அங்கே பிறந்தார். 1948இல் புயலோடு பொங்கிய கடல் குடிநீரைக் கெடுத்தது. மிஞ்சியிருந்த 63 பேரை மிஷனரிகள் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்தார்கள்.

அவர் வண்ணத் தூரிகையைத் தொட்டது 2005இல்தான், 80 வயதை ஒட்டி. 2015இல் இறப்பதற்குள் 2,000 படங்களுக்கு மேல் வரைந்துவிட்டார். கயடில்ட் மக்களுக்குப் படம் வரையும் மரபே கிடையாது. ஆகவே தயவுசெய்து "பழங்குடி ஓவியம்" என்று சொல்லிப் புள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். அது ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் வளர்ந்த பாணி.

அவர் திரும்பத் திரும்ப வரைந்தவை சில இடங்களே: அப்பாவின் துண்டி, கணவரின் திபிர்திபி, தண்ணீர்க் குட்டை உள்ள நியின்யில்கி, தான் பிறந்த ஓடை. திபிர்திபி என்பது கெராப்பு மீன் வடிவ மூதாதையின் பெயரும்கூட. கரையோரம் கல்லடுக்கிக் கட்டிய மீன்பொறிகளும் படங்களில் வரும். ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், வற்றத்தில் சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஊர்க் கடலோரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் பிள்ளைகளை நிறுத்திக் காட்டினால், அவர் படங்களில் விளிம்புக்கோடு ஏன் அப்படி நெளிகிறது என்று தானாகப் புரியும்.

பிறகு வரையட்டும். அவர் படத்தைப் பார்த்தெழுத வேண்டாம், தங்களுக்குத் தெரிந்த ஒரு கரையை வரையட்டும். 60க்கு 90 செ.மீ. கேன்வாஸுக்கு அக்ரிலிக் ஏறக்குறைய 200 மி.லி. வேண்டும், அதில் பாதி வெள்ளை. சுவருக்கு அடிக்கும் இரண்டங்குலத் தட்டைத் தூரிகை போதும். கேன்வாஸைத் தரையில் படுக்க வையுங்கள், நிமிர்த்தினால் வழியும். சிவப்பைப் பூசிய கையோடு, ஈரம் காயுமுன், வெள்ளையை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். தூரிகையின் தடத்திலேயே சிவப்பு கரைந்து, ஓரம் அடர்ந்தும் நடு வெளுத்தும் ஒரு ரோஜா நிறம் வரும். சேலியின் கை ஓடிய விதம் அதில்தான் தெரியும்.

கெடுவது இரண்டு இடத்தில். மூன்று நிறத்துக்கு மேல் ஈரத்தில் சேர்ந்தால் எல்லாம் சேறாகும். இளகட்டும் என்று தண்ணீரை ஊற்றினால் பிணைப்புச் சத்து குறைந்து, காய்ந்த பின் மாவாக உதிரும். வரையும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் மேற்பரப்பு சீக்கிரம் ஆடை கட்டிவிடும். பினாங்கின் ஈரக்காற்றில் தடித்த பூச்சு உள்ளே காய நாள் கணக்காகும். அதுவரை படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது பெயிண்டும் பெயர்ந்து வரும்.